கண்ணு, இந்த மாத்திர கேக்கல

பென்னாகரம் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து வந்த பாட்டி அவர். பேத்திக்கு அப்போது எட்டு வயது இருக்கும். வலிப்புக்கு மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை, காலை பஸ்ஸில் தர்மபுரி வந்து இறங்குவார்கள். நான் டி.ஃபார்ம் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் மூன்றாவது வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருஷமாக வலிப்பே வராமல் இருந்த பிள்ளைக்கு பத்து நாளில் மூன்று தடவை வந்துவிட்டது. கவுண்டருக்கு வந்த பாட்டி சொன்னது ஒரே வரி. "கண்ணு, இந்த மாத்திர கேக்கல. போன மாசம் குடுத்தது கேட்டுச்சு."

நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். வேளை தவறாமல் கொடுத்தீங்களா, வாந்தி எடுத்தாளா, காய்ச்சல் இருந்ததா என்று. அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பாட்டிதான் மஞ்சப் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று போன மாத அட்டை, காலியானது. இன்னொன்று இந்த மாதத்துடையது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் தெரிந்தது. பெயரும் கம்பெனியும் ஒன்றுதான். ஆனால் புது அட்டையில் எழுத்தின் நீலம் கொஞ்சம் வெளிறியிருந்தது. பழையதில் பேட்ச் நம்பர் தகட்டில் அழுத்திப் பதித்திருந்தது, விரலால் தடவினால் தெரியும். புதியதில் வெறும் மையால் அச்சடித்திருந்தது. ஓரத்தை நகத்தால் நெம்பினால் வெள்ளித்தாள் உரிந்து வந்தது. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தேன், கையிலேயே உதிர்ந்தது.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் ஸ்டாக்கிஸ்டுக்கு போன் போட்டார். சாயங்காலம் ஒரு பையன் பைக்கில் வந்து, அலமாரியில் மீதி இருந்த பதினொரு அட்டையையும் எடுத்துக்கொண்டு, கிரெடிட் நோட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். டாக்டரிடம் சொல்லி, வேறு இடத்திலிருந்து அதே மருந்தை வரவழைத்துக் கொடுத்தோம். பிள்ளைக்கு வலிப்பு நின்றது. எல்லாரும் நிம்மதியானோம்.

அன்றைக்கு ராத்திரி படுத்த பிறகுதான் அந்தப் பதினொரு அட்டையும் எங்கே போயிருக்கும் என்று யோசித்தேன். குப்பைக்கா போயிருக்கும்? பாலக்கோட்டிலோ அரூரிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ ஏதோ ஒரு கவுண்டருக்குப் போயிருக்கும். அங்கே வேறொரு பாட்டி, வேறொரு பிள்ளை. அது போலியா, வெயிலில் கெட்டுப்போன சரக்கா, கம்பெனியே சரியாகச் செய்யாததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நானே பைக்கில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த தவறுகளில் அதிகம் உறுத்துவது இதுதான். இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

நம்மூரில் மருந்து வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்வதில்லை. மருந்து கேக்கல என்பார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் டாக்டர், நர்ஸ், நான் எல்லாருமே ஒரே திசையில்தான் யோசிப்போம். நோயாளி ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார், பத்தியம் இருந்திருக்க மாட்டார், நோய் முற்றியிருக்கும், டோஸைக் கூட்ட வேண்டும். மாத்திரையைச் சந்தேகப்படுவது கடைசியில்தான், பல நேரம் அதுவும் இல்லை. போலி மருந்து வியாபாரம் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். அந்த மாத்திரையில் விஷம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை, மருந்து இல்லாமல் இருந்தாலே போதும். சர்க்கரை ஏறும், ரத்தக் கொதிப்பு ஏறும், காய்ச்சல் இறங்காது. பழி நோயாளி மேல் விழும்.

நாக்பூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2023 இல் அந்த மாவட்டத்தின் கல்மேஷ்வர் கிராமப்புற மருத்துவமனையில் மருந்து ஆய்வாளர் ஒருவர் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையை மாதிரி எடுத்து அனுப்பினார். ஆய்வகம் பார்த்தபோது மாத்திரைக்குள் மருந்தே இல்லை. அட்டையில் போட்டிருந்த கம்பெனியைத் தேடினால் அப்படி ஒரு கம்பெனியே இல்லை. நூல் பிடித்துக்கொண்டே போன போலீஸ் 2024 செப்டம்பரில் 1,200 பக்கக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஹரித்வாரில் கால்நடை மருந்து செய்யும் ஒரு கூடத்தில், முகப்பவுடர் செய்யும் டால்க்கையும் மாவுச்சத்தையும் கலந்து மாத்திரையாகப் பிடித்து, டெண்டர் வழியாகவே அரசு மருத்துவமனைகளுக்குள் அனுப்பியிருக்கிறார்கள் என்று அதில் சொல்லப்பட்டது. யாரோ ஒரு பெட்டிக்கடையில் விற்றதல்ல இது. கையெழுத்தோடும் சீலோடும் கிடங்குக்குள் வந்த சரக்கு. அங்கே இருந்த ஃபார்மசிஸ்டுகளின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். கம்பெனி பெயரை ஒருமுறை தேடிப் பார்த்திருப்பேனா? அரசு டெண்டரில் வாங்கிய சரக்கு, சரியாகத்தான் இருக்கும் என்று நானும் அடுக்கி வைத்திருப்பேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், தயவுசெய்து. மத்திய அரசு நாடு முழுக்க எடுத்து 2017 இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 47,012 மாதிரிகளைச் சோதித்தார்கள். அதில் முழுப் போலி என்று வந்தது 13 மட்டும். தரம் குறைந்தது என்று வந்தது நூற்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். உங்கள் வீட்டில் இருக்கும் மாத்திரை நல்ல மாத்திரையாக இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் அந்தப் பதின்மூன்றில் ஒன்று என் கவுண்டர் வழியாகப் போனால், அது ஒரே நாளில் இருபது வீட்டுக்குப் போகும். எண்ணிக்கை குறைவு என்று நான் சும்மா இருக்க முடியாது.

நம் மாவட்டத்துக்கு மருந்து இரண்டு பாதையில் வருகிறது. ஒன்று அரசுப் பாதை. 1994 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் கிடங்கிலிருந்து வெளியே விடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் மலைமேல் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் வரை போவது அந்தச் சரக்குதான். அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல என்று அட்டையிலேயே அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அட்டை தனியார் கடையில் கண்ணில் பட்டால் உடனே கேள்வி கேட்க வேண்டும். குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனால் பேட்ச் பேட்ச்சாகச் சோதித்துவிட்டு விநியோகிப்பது என்பது சாதாரண காரியமில்லை, வேறு மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன முறை அது.

இரண்டாவது, எங்களைப் போன்ற தனியார் மருத்துவமனைகளின் பாதை. சேலத்திலிருந்து வரும், பெங்களூரிலிருந்து வரும், உள்ளூர் ஸ்டாக்கிஸ்டிடமிருந்து வரும். பெரும்பாலானவர்கள் தலைமுறையாக நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள். சிக்கல் எங்கே வருமென்றால், வழக்கமான ஸ்டாக்கிஸ்டிடம் ஒரு மருந்து இல்லாத நாளில். அல்லது புதிதாக ஒருவர் வந்து, அதே பிராண்டை மற்றவர்களைவிட முப்பது சதவீதம் குறைத்துத் தருகிறேன், பில் அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன் மேடம் என்று சொல்கிற நாளில்.

தட்டுப்பாட்டு நாள்தான் போலிக்காரனின் திருவிழா. 2021 மே மாதம் சென்னையில் ரெம்டெசிவிருக்காக ஜனங்கள் கீழ்ப்பாக்கத்தில் விடிய விடிய வரிசையில் நின்றது நினைவிருக்கும். அதே நாட்களில் குஜராத்தில் குளுக்கோஸையும் உப்பையும் கலந்து குப்பியில் அடைத்து ரெம்டெசிவிர் என்று விற்ற கும்பல் பிடிபட்டது. அந்த நேரத்தில் எனக்கும் முன்பின் தெரியாத எண்களிலிருந்து போன் வந்தது. எத்தனை வேண்டும், கையில் காசு, உடனே அனுப்புகிறேன் என்று. மாடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவரின் மகன் என் முன்னால் நின்று, "அக்கா, எவ்வளவானாலும் பரவாயில்ல, வாங்கிக் குடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பில் இல்லாத மருந்தை அவர் அப்பாவுக்கு ஏற்றமாட்டேன் என்று நான் சொன்னபோது என்னை அவர் பார்த்த பார்வையை மறக்கவில்லை. அதற்காக வருத்தப்பட்டேன், ஆனால் மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தால் அதையேதான் சொல்வேன்.

சரக்கு வந்து இறங்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் எங்கள் கையில் இருக்கும் காவல். பில்லில் உள்ள பேட்ச் நம்பர், அட்டைப்பெட்டியில் உள்ள நம்பர், உள்ளே ஒவ்வொரு அட்டையிலும் உள்ள நம்பர், மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரே பெட்டிக்குள் இரண்டு பேட்ச் கலந்திருந்தால் அந்தப் பெட்டி அலமாரிக்குப் போகாது. அதே மருந்தின் பழைய காலி அட்டை ஒன்றை ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். புதியது வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அந்தப் பாட்டி மேஜை மேல் வைத்துக் காட்டியதுதான், வேறு யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. எழுத்துப்பிழை, நிறம், ஓரத்து மடிப்பு, குப்பியின் மூடி வளையம், மாத்திரையில் பொறித்த எழுத்து. இன்சுலின் மாதிரியான குளிர்ச்சரக்கு என்றால் ஐஸ் கட்டி இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று முதலில் கைவைத்துப் பார்ப்பேன். புது விற்பனையாளர் என்றால் அவருடைய மொத்த விற்பனை லைசென்ஸ் நகலும், அந்தக் கம்பெனி அவரை நியமித்த கடிதமும் வேண்டும். கம்பெனிக்கு நானே போன் செய்து கேட்பேன். "என்ன மேடம், எங்களை நம்ப மாட்டீங்களா" என்பார்கள். நம்பிக்கை வேறு, சரிபார்ப்பது வேறு என்று பொறுமையாகச் சொல்லிவிடுவேன்.

2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் கியூஆர் கோடு கட்டாயமாகியிருக்கிறது. செல்போனில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரித்தவர், பேட்ச், காலாவதி தேதி, லைசென்ஸ் எண் எல்லாம் வரவேண்டும். நல்ல விஷயம், பொதுமக்களும் செய்து பார்க்கலாம். ஆனால் கோடு ஸ்கேன் ஆகிறது என்பதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது. கோடும் ஒரு அச்சுதான், அதையும் நகல் எடுக்கலாம். திரையில் வரும் பேட்ச் நம்பரும் கையிலிருக்கும் அட்டையின் பேட்ச் நம்பரும் ஒன்றா என்று பார்ப்பதுதான் சோதனை. மற்ற ஆயிரக்கணக்கான மருந்துகளுக்கு இது இன்னும் வரவில்லை.

இவ்வளவும் செய்தாலும் கண்ணுக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது. 2025 அக்டோபரில் நாம் எல்லாரும் தலைகுனிந்தது அதற்காகத்தான். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா தயாரித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, எஸ்.ஆர்-13 என்ற பேட்ச். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் அதைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பூஜை விடுமுறை நாளிலேயே ஆலைக்குப் போய் மாதிரி எடுத்துச் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. இருக்க அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். உரிமையாளர் கைது செய்யப்பட்டார், லைசென்ஸ் ரத்தானது.

இது போலி மருந்து அல்ல. லேபிள் உண்மை, கம்பெனி உண்மை, பில் உண்மை. உள்ளே இருந்தது விஷம். சட்டத்தில் இதற்குக் கலப்பட மருந்து என்று தனிப் பிரிவு, அடுத்தவன் பெயரில் செய்யும் போலிக்குத் தனிப் பிரிவு. குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு இந்த வித்தியாசத்தால் என்ன ஆகப்போகிறது? சிரப்பில் மருந்தைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் வேண்டும். மருந்துத் தரத்தில் வாங்காமல் தொழிற்சாலைச் சரக்கை மலிவாக வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் இந்த விஷம் உள்ளே வந்துவிடும். இதுவும் இனிக்கும், நிறமிருக்காது, கொழகொழவென்று அதே மாதிரி இருக்கும். 1937 இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் கொன்றது இதே பொருள். 1972 இல் நம் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றது. 1986 இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். 2022 இல் காம்பியாவில் சுமார் எழுபது குழந்தைகள். 1937 இலேயே காரணம் தெரிந்துவிட்ட ஒரு விஷம் இத்தனை தடவை திரும்பி வர நாம் விட்டிருக்கிறோம் என்பதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

கவுண்டரில் நிற்கும் ஒரு ஃபார்மசிஸ்ட் இதற்கு என்ன செய்ய முடியும்? அந்தச் சிரப்பில் இருந்த குளோர்பெனிரமின், ஃபினைலெப்ரின் கலவையை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டுவிட்டது. சீட்டில் எழுதியிருந்தாலும், குழந்தையின் வயதைக் கேட்டுவிட்டு டாக்டரிடம் திரும்பிப் போகலாம். நான் போயிருக்கிறேன். சில டாக்டர்கள் கோபப்படுவார்கள், சிலர் நன்றி சொல்வார்கள். திரவ மருந்து வாங்கும்போது அந்த பேட்ச்சின் சோதனைச் சான்றைக் கேட்கலாம். தரம் தவறிய பேட்ச்சுகளின் பட்டியல் மாதாமாதம் வெளியாகிறது. அதை எடுத்து நம் ஸ்டாக்கோடு ஒப்பிட அரைமணி நேரம் போதும். எல்லாவற்றையும்விட, சளிக்கு மருந்து வாங்கிப்போன ஒரு தாய் மறுநாள் வந்து, "புள்ளைக்கு ஒன்னுக்கே போகல" என்றால், அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று அனுப்பிவிடாமல் இருக்க வேண்டும். சிந்த்வாரா வீடுகளில் முதலில் தெரிந்த அடையாளம் அதுதான்.

மருந்து உள்ளே வரும் வாசலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வெளியே போகும் வாசலை எங்கள் தொழிலில் பலரும் கவனிப்பதில்லை. 2010 மார்ச்சில் சென்னையில் பிடிபட்ட கும்பல், கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு வந்த காலாவதி மருந்துகளைப் பொறுக்கியெடுத்து, தேதியை மாற்றி ஒட்டி, மறுபடி கடைகளுக்கு அனுப்பியது. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் பிடித்தது இன்னும் மோசம். லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள புற்றுநோய் ஊசியின் காலிக் குப்பிகளை விலைகொடுத்து வாங்கி, அதில் பூஞ்சைத் தொற்றுக்கான மலிவு மருந்தை நிரப்பி, மறுபடி விற்றிருக்கிறார்கள். குப்பி அசல், லேபிள் அசல், உள்ளே இருந்ததுதான் வேறு. மருத்துவமனை மருந்துப் பிரிவில் வேலை பார்த்தவர்களும் கைதானவர்களில் இருந்தார்கள். என் தொழில்காரர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் வார்டுக்குப் போய் சிஸ்டர்களிடம் பேசினேன். விலையுயர்ந்த ஊசி போட்டு முடித்ததும் குப்பியின் லேபிளில் பேனாவால் குறுக்காகக் கோடு கிழித்து, மூடியைத் தனியாக்கி, எண்ணி, கணக்கு எழுதித்தான் நீலப் பெட்டியில் போட வேண்டும். காலாவதி மருந்து மஞ்சள் பையில் கையெழுத்தோடு போக வேண்டும். "இதுக்கெல்லாம் எங்கக்கா நேரம்" என்று ஒரு சிஸ்டர் கேட்டார். நியாயமான கேள்வி. இரவு ஷிஃப்டில் ஒருவரே முப்பது படுக்கை பார்க்கிறார். அதனால் அந்தக் கணக்கை மருந்தகமே எடுத்துக்கொண்டது.

சந்தேகப்பட்ட சரக்கை என்ன செய்ய வேண்டும் என்று இளைய ஃபார்மசிஸ்டுகள் கேட்கிறார்கள். திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள். தனியாக எடுத்து, கொடுக்கக் கூடாது என்று எழுதி ஒட்டி, பூட்டி வையுங்கள். படம் எடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மருந்து ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர் வந்து முறைப்படி மாதிரி எடுத்தால்தான் வழக்கு நிற்கும். மனித உயிருக்குக் கேடு செய்த போலி மருந்துக்குக் குறைந்தது பத்து வருஷம், அதிகபட்சம் ஆயுள் தண்டனை என்று 2008 திருத்தத்தில் சட்டம் கடுமையாகியிருக்கிறது. ஆனால் கையில் மாத்திரை இல்லாமல் அந்தச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கிய பொதுமக்களும், உரிய விண்ணப்பமும் கட்டணமும் செலுத்தி, தாங்கள் வாங்கிய மருந்தை அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம் என்று மருந்துகள் சட்டத்தின் 26 ஆவது பிரிவு சொல்கிறது. மருந்தால் ஏதாவது கேடு நடந்ததாகத் தோன்றினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தத் திட்டம் 2021 இல் தொடங்கியது பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் திண்ணை வரைக்கும் வருகிறது. "கேக்கல" என்பதை முதலில் கேட்பது இப்போது எங்கள் கவுண்டர் இல்லை, அந்தத் திண்ணைதான். ஒரே கிராமத்தில் மூன்று வீட்டில் அதே சொல் வந்தால், அட்டையின் பேட்ச் நம்பரை எழுதி வந்து சொல்லுங்கள்.

அந்தப் பேத்தி இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். மாத்திரையை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. பாட்டி இருக்கிறார், அவருக்குப் பிரஷர். மாத்திரை வாங்கிய அன்று சாயங்காலமே பேத்தியின் போனிலிருந்து எனக்கு இரண்டு படம் வந்துவிடும். ஒன்று பில், ஒன்று அட்டையின் பின்பக்கம். இந்த மாதம் பில்லில் பேட்ச் நம்பரின் கடைசி இலக்கம் மங்கி விழுந்திருந்தது. "அக்கா, இது எட்டா, மூணா? பாட்டி கேக்கச் சொன்னாங்க" என்று கேட்டிருந்தாள். எழுந்து போய் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, எட்டு என்று பதில் போட்டேன்.